முப்பத்தேழு சிவப்பு நூல்

கீழ் டிவிஷன், லாபு
6.9.1987

அன்புள்ள மச்சான் அர்ச்சுனனுக்கு, மாமா சன்னாசி எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காள் வள்ளிநாயகியும் பிள்ளைகள் மூவரும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, இல்லை இன்னமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறாயா என்று அக்காள் கேட்கச் சொன்னாள்.

ஒரு செய்தி. ஐந்து தோட்டங்களுக்கும் வைத்தியம் பார்க்கச் சிரம்பான் டாக்டர்களிடம் கொடுத்திருந்த காண்ட்ராக்ட் இந்த டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியைக் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று நடத்தப்போகிறது. பேரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நீ வேலை பார்க்கிற அதே கம்பெனிதான்! இருபத்திரண்டு வருஷமாக நான் தேய்த்த நாற்காலியை என் மச்சானே வந்து இழுக்கிறான் என்று உன் அக்காளிடம் சொன்னேன். அவள் வழக்கம்போல் உன் பக்கம்தான் பேசினாள்.

பொருள்கள், பதிவுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும் என்று காண்ட்ராக்டில் ஒரு வரி இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக் கணக்கு எழுதுகிற கிராணி நான்தானே, நான்கு நாளாக எழுதுகிறேன். கட்டில் பன்னிரண்டு. ஊசி அவிக்கும் பாத்திரம் இரண்டு. மூக்குடைந்த கேத்தல் ஒன்று. நோயாளி அட்டை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மங்கம்மாவையும் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று டாக்டரைக் கேட்டேன். உனக்கு அவளைத் தெரியாது. முப்பத்தொரு வருஷமாக இங்கே ஆயா, புதுக் கம்பெனி அவளையும் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சிரித்தார், மங்கம்மா சிரிக்கவில்லை.

எனக்குத் தோட்ட ஆபீசில் வேலை போட்டுத் தருவதாகப் பெரிய கிராணி சொல்லியிருக்கிறார். ஆகையால் எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் நன்மையை விரும்பும்
சன்னாசி


கோலாலம்பூர்
27.9.1987

மாமாவுக்கும் அக்காளுக்கும் அர்ச்சுனனின் வணக்கம்.

வயிறு சரியாகிவிட்டது, அக்காளிடம் சொல்லுங்கள். அறையில் தபால்காரர் கடிதத்தைக் கதவடியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். இனி ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுங்கள், உறையின் பின்னால் இருக்கிறது.

மாமா, உங்கள் நாற்காலி எனக்கு வேண்டாம். எனக்கு இங்கே ஐந்தாவது மாடியில், குளிரூட்டிய அறையில், சக்கரம் வைத்த நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எதிரே கம்ப்யூட்டர். முதல் நாள் அதன்முன் உட்காரும்போது செருப்பைக் கழற்றிவிட்டேன், பக்கத்தில் இருந்த சீனத்திப் பெண் சிரித்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஒரு பேரைத் தட்டினால், நீங்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அந்த ஆள் எந்தத் தோட்டம், என்ன நோவு, என்ன மருந்து என்று எல்லாம் வந்து நிற்கிறது. ஆயிரத்து நானூறு அட்டையும் ஒரு சின்னத் தட்டுக்குள் அடங்கிவிடும் மாமா. எனக்கு மேல் சிலிர்த்துப்போனது.

உங்கள் அட்டைகளைத் திரையில் ஏற்றும் வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது. நவம்பர் முதல் வாரம் லோரி வரும். கட்டித் தயாராக வையுங்கள். கேத்தலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள
அர்ச்சுனன்


கீழ் டிவிஷன், லாபு
4.11.1987

அன்பு மச்சான்,

தீபாவளிக்கு நீ வராததில் உன் அக்காளுக்குக் கோபம். முறுக்கு ஒரு டின் லோரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவர் தின்றுவிட்டிருந்தால் எழுது.

அட்டைகள் பதினான்கு பெட்டியாக நேற்றுப் போய்விட்டன. உன் கம்பெனி ஆள் என் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான்கு பக்கத்தில் ஒரு பிழை இல்லை.

அட்டை இல்லாமல் இரண்டு மாதத்தை எப்படி ஓட்டப்போகிறோம் என்று ஊசி மருந்து கொடுக்கிற எங்கள் டிரெஸ்ஸர் பயந்தார். அவர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மங்கம்மா, "அட்டைதானேலா போச்சு, ஆளுங்க இங்கதானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கப் போய்விட்டாள். இன்று காலை ஆள் எண்ணும் பெரட்டு முடிந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக வரும்போது டிரெஸ்ஸர் காதில் ஏதோ சொல்கிறாள், அவர் மருந்து எழுதுகிறார். நான் இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இதைக் கவனித்ததில்லை.

பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

சன்னாசி


கோலாலம்பூர்
15.11.1987

அன்பு மாமாவுக்கு,

முறுக்கு டின் பத்திரமாக வந்தது, நான்கு முறுக்கு குறைவாக. அக்காளுக்கு என் நன்றி. அடுத்த தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன்.

அறுநூறு அட்டை ஏற்றிவிட்டேன். மேலதிகாரி என் தோளைத் தட்டினார். ஆனால் மாமா, உங்கள் தோட்டத்து ஜனங்களின் பக்தியைக் கண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கண்ணும் கலங்கியது. ஆஸ்பத்திரி அட்டையிலுமா கொண்டுவந்து மந்திரித்த கயிறு கட்டுவார்கள்? மேலே இருக்கிற ஓட்டையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நூல் முடிச்சு. நோய் சீக்கிரம் தீரட்டும் என்று பூசாரியிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கள் அம்மாகூட என் பள்ளிக்கூடப் பையில் கட்டிவிடுவாளே, அந்த நினைப்புதான் வந்தது.

அட்டையை அடுக்கினால் இந்த முடிச்சுகள் இடறின. அதனால் முதல் நாளே எல்லாப் பெட்டியையும் திறந்து கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டேன். சாமி விஷயமாயிற்றே, குப்பையில் போட மனம் வரவில்லை. அக்காளின் முறுக்கு டின்னிலேயே போட்டு மூடி வைத்திருக்கிறேன். பத்துமலைப் பக்கம் போகும்போது ஆற்றில் விட்டுவிடுவேன்.

அட்டைகள் இப்போது வெள்ளையும் சொள்ளையுமாக இருக்கின்றன, நீங்கள் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

அன்புடன்
அர்ச்சுனன்


லாபு
18.11.1987

அர்ச்சுனா,

டின்னை எங்கேயும் கொண்டுபோகாதே. ஆற்றிலே விட்டுத் தொலைக்காதே.

ஆபீஸ் போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். ஒரு பெண் "ஹோல்ட் ஆன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். அதனால் இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

அது பூசாரி கட்டிய கயிறு இல்லையடா. மங்கம்மா கட்டியது. சிவப்பு என்றால் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாத ஆள். போட்டால் மூச்சு அடைத்துவிடும். கறுப்பு, இரைப்புக்காரர்கள். வெள்ளை, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்த பெண்கள். மங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊசியை அவித்து எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான், அதனால் பழைய டிரெஸ்ஸர் ஐயா காலத்தில் இந்த ஏற்பாடு செய்துகொண்டார்கள். நூல்தான் இருக்கிறதே என்று அவரும் அட்டையில் எழுதுவதை விட்டுவிட்டார். அவர் செத்து மூன்று வருஷமாகிறது. எந்த ஊசி ஆகாது என்பது பாதிப்பேருக்குத் தெரியவே தெரியாது. ஆயாதான் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிடுவாளே, அவர்கள் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தப்பு உன்மேல் மட்டும் இல்லை. மூக்குடைந்த கேத்தலை எழுதிய நான் நூலை எழுதவில்லை. அட்டை என்றாலே நூலும் சேர்ந்ததுதான் என்று இருந்துவிட்டேன்.

எந்த நூல் எந்த அட்டையிலிருந்து வந்தது என்று ஏதாவது அடையாளம் இருக்கிறதா? உடனே எழுது.

சன்னாசி


கோலாலம்பூர்
22.11.1987

மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு சாப்பிடப் போகாமல் அட்டைப் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்தேன். அக்காளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஒரு அடையாளமும் இல்லை. ஓட்டை எல்லா அட்டையிலும் இருக்கிறது. நூலை அவ்வளவு சுத்தமாக நறுக்கியிருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து இருநூறு அட்டை பார்த்தேன், ஒரு இழைகூட மிஞ்சவில்லை.

மேலதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் உங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "நூல் என்று இதில் எதுவும் இல்லையே. அவர்கள் கொடுக்கவில்லை, நாம் வாங்கவில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிட்டார். அவரைப் பொறுத்தவரையில் நான் தப்பே செய்யவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது, மாமா. ஜனவரி இரண்டாம் தேதி புது டிரெஸ்ஸர் வந்து என் திரையைப் பார்த்து ஊசி போடுவார். திரை வெறுமையாக இருக்கும். செத்துப்போகிறவர் யாராக இருந்தாலும் அது நான் செய்த கொலைதானே?

என் திரையில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. யார் யாருக்கு எந்த நிறம் என்று தெரிந்தால் அதில் ஏற்றிவிடலாம், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். மங்கம்மாவைக் கேட்டுப் பாருங்கள் மாமா. கொஞ்சப் பேரையாவது ஞாபகம் வைத்திருக்க மாட்டார்களா? என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசட்டும்.

அர்ச்சுனன்


கீழ் டிவிஷன், லாபு
30.11.1987

அன்பு மச்சான் அர்ச்சுனனுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ சாப்பிடாமல் கிடக்கிறாயோ என்று உன் அக்காளுக்குத்தான் சந்தேகம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு.

மங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நூலை நறுக்கிவிட்டான் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "அந்தப் புள்ள ஏன்யா வெட்டுச்சு?" என்று கேட்டாள். மந்திரித்த கயிறு என்று நினைத்துவிட்டான் என்றேன். சிரித்தாளே பார்க்கலாம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, நோட்டெடுங்க கிராணி" என்றாள்.

மச்சான், அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மருந்து அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கீழ் டிவிஷன் முதல் லயத்து வீடுகளுக்குள் நடக்க ஆரம்பித்தாள். ஆமாம், உட்கார்ந்தபடியே நடந்தாள். "மொத வீடு, ராமசாமி, ஒண்ணுமில்ல. அவன் பொஞ்சாதி கண்ணம்மா, வெள்ளை. ரெண்டாவது வீடு பூட்டியிருக்கு. மூணாவது வீடு, முத்தாயி, கறுப்பு. அவ ரெண்டாவது மகன், சிவப்பு, அஞ்சு வயசுல கட்டுனது." ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே இருக்கிற ஆட்களை எண்ணிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் வந்தால் "கொழா" என்றாள். கோயில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போன பெண்களை அந்தத் தோட்டத்துக்குப் போனபோது சொன்னாள்.

இரண்டு நாள் எழுதினேன், கை வீங்கிவிட்டது. ஐந்து தோட்டம், ஆயிரத்து நானூறு பேர். நடுவில் நான்கைந்து பேரைப் பற்றி வேண்டுமென்றே மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். "கிராணி, வெளயாடாதீங்க" என்று அதட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக இவளிடம் நான் கேத்தலில் தண்ணீர் கொதித்ததா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. 

பட்டியல் இத்துடன் இருக்கிறது. டின்னில் உள்ளதை நிறம் நிறமாக எண்ணி இதோடு ஒத்துப் பார்.

சன்னாசி


கோலாலம்பூர்
6.12.1987

அன்பு மாமாவுக்கும் அக்காளுக்கும்,

சாப்பிட்டேன். சத்தியமாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆபீசில் யாரும் இல்லை. டின்னை மேசையில் கவிழ்த்து நூலைப் பிரித்தேன். முதலில் வெள்ளை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. பிறகு மங்கம்மா ஆயா சொன்ன பட்டியலில் வெள்ளையை எண்ணினேன். ஐம்பத்தெட்டு. கறுப்பு எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலிலும் நூற்றுப் பன்னிரண்டு. மாமா, இந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து நான் செருப்பைக் கழற்றினேனே, அந்த அம்மாளைப் பார்த்தால் என்னத்தைக் கழற்றுவது?

சிவப்புதான் மிச்சம். டின்னில் முப்பத்தேழு. பட்டியலில் முப்பத்தாறு.

ஐந்து தடவை எண்ணிவிட்டேன். ஒரு நூல் இரண்டு துண்டாகிவிட்டதோ என்று முடிச்சைப் பார்த்தேன். முப்பத்தேழிலும் முடிச்சு இருக்கிறது.

ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். பென்சிலின் போட்டால் செத்துப்போகக்கூடிய ஒரு ஆள், ஆயிரத்து நானூறு பேருக்குள் எங்கேயோ. ஆயாவைத் தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள். இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அர்ச்சுனன்


கோலாலம்பூர்
16.12.1987

அன்பு மாமா,

பத்து நாளாகப் பதில் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? இருநூற்றாறு பேருக்கும் குறிப்பு ஏற்றிவிட்டேன். அந்த ஒருவர் மட்டும்தான் பாக்கி. ஒரு வரி போட்டால்கூடப் போதும்.

அர்ச்சுனன்


கீழ் டிவிஷன், லாபு
20.12.1987

அன்பு மச்சான்,

எல்லோரும் சௌக்கியம். எழுதாமல் இருந்தது உடம்பினால் இல்லை, மனசினால்.

உன் கடிதம் வந்த அன்றே மங்கம்மாவைக் கேட்டேன். முப்பத்தேழு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "மறந்துட்டியா?" என்றேன். "மறக்கல" என்றாள். "அப்ப சொல்லு." "சொல்ல முடியாது கிராணி." அவ்வளவுதான். மறுநாள் கேட்டேன், எழுந்து போய்விட்டாள்.

வேறு வழி பார்க்கலாம் என்று வேலை மேற்பார்க்கிற மண்டோரைக் கெஞ்சிப் பெரட்டுக் களத்தில் கேட்கவைத்தேன். எந்த ஊசியாவது ஆகாதவர்கள் கை தூக்குங்கள் என்றார். பதினொரு பேர் தூக்கினார்கள். ஒன்பது பேர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறவர்கள். ஒருவருக்கு எந்த ஊசி என்றாலும் பயம். இன்னொருவர் லீவு கேட்க வந்தவர்.

மச்சான், அது யார் என்று எனக்கு முதல் நாளே ஒரு எண்ணம் வந்துவிட்டது. உனக்கு எழுதாமல் மறைத்தேன்.

மங்கம்மாவுக்கு ஒரே மகள். பேர் பஞ்சாலை. தன் அண்ணன் மகனுக்கு என்று மங்கம்மா பேசி, பத்திரிகையும் அடித்துவிட்டாள். அந்தப் பெண் ஒரு லோரிக்காரனோடு கோலா பிலாவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. அன்று சாயங்காலம் மங்கம்மா தோட்டத்து எல்லையில் இருக்கிற முனியாண்டி கோயிலுக்குப் போய், சூடத்தை அடித்து, "அவ பேச்சு இனிமே என் வாயில வராது" என்று சத்தியம் செய்தாள். ஆறு வருஷமாக வரவில்லை. நாங்களும் அவள் காதுபட அந்தப் பேரைச் சொன்னதில்லை. பஞ்சாலை மேல் டிவிஷனில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் மங்கம்மா நான் எடுத்துக் கொடுக்கும் அட்டையை வாங்கி டிரெஸ்ஸர் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இத்தனையும் தெரிந்த நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். கோலா பிலாவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். உன் அக்காளுக்கும் தெரியாது. மங்கம்மாவுக்குத் தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

போன வாரம் பஞ்சாலையைப் போய்ப் பார்த்தேன். ஏழு மாதக் கர்ப்பம். "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியாதே மாமா, அம்மாவுக்குத்தான் தெரியும்" என்றது. எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதே என்று எச்சரித்துவிட்டு வந்தேன். ஆனால் மயங்கிக் கிடக்கும்போது வாய் திறந்து சொல்லுமா?

அவள்தான் என்று எழுதி முப்பத்தேழாக்கி விடாதே. என் எண்ணம் தப்பாக இருந்தால் கணக்கு மட்டும் நேராகிவிடும், எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுவோம், உண்மையான ஆள் மாட்டிக்கொள்வான். மங்கம்மா வாயால் சொன்னால்தான் அது பதிவு. அவளோ சொல்ல மாட்டாள். நாள் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சன்னாசி


கோலாலம்பூர்
30.12.1987

அன்பு மாமாவுக்கும் அக்காளுக்கும்,

நான் சுகம். நீங்களும் அக்காளும் பிள்ளைகளும் புது வருஷத்தில் நன்றாக இருக்க வேண்டும். மங்கம்மா ஆயா நேற்று எங்கே போனார் என்று தோட்டமே தேடியிருக்கும். இங்கே வந்திருந்தார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்தேன். வாசல் காவல்காரர் ஜாகா கூப்பிட்டு, "உன்னைத் தேடி ஒரு அம்மா" என்றார். படியில் ஆயா உட்கார்ந்திருந்தார். லிப்டில் ஏறப் பயந்து ஐந்து மாடியும் நடந்தே ஏறியிருக்கிறார். கையில் நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் உறை. உங்கள் மேசையிலிருந்து எடுத்தாராம். லாபுவில் பஸ் ஏறி, சிரம்பானில் மாறி, புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கி, அந்த உறையை ஒவ்வொருவரிடமும் காட்டிக் காட்டியே வந்து சேர்ந்திருக்கிறார். தோட்டத்தைவிட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவையாம்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் வெட்டுன புள்ளயா?" என்றார். காலில் விழப்போனேன். "சாப்புட்டியா, இவ்ளோ ஒல்லியா இருக்கே" என்றார். அக்காள் சொல்லி அனுப்பினாளோ என்றுகூட நினைத்தேன்.

உள்ளே அழைத்துப்போய் என் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு மறதி வராதா?"

"கரண்டு இருக்கிற வரைக்கும் வராது ஆயா."

"கரண்டு போனா?"

 தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "மாமாகிட்டயே சொல்லியிருக்கலாமே ஆயா, ஏன் இவ்வளவு தூரம்?" என்றேன்.

"அங்க சொல்லக்கூடாது தம்பி. முனியாண்டி எல்லைச் சாமி. அவன் எல்லைக்குள்ள நின்னு சத்தியம் பண்ணிருக்கேன். இது அவன் எல்லை இல்லையே."

"எல்லை தாண்டிச் சொன்னால் குற்றமில்லை என்று பூசாரி சொன்னாரா?"

"யாரையும் கேக்கல. நானா நெனச்சுக்கிட்டேன். குத்தம்னா என் தலையோட போகட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. மாமா, அந்த அம்மாளுக்கு அந்தச் சாமிமேல் எவ்வளவு பயம் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பயத்தோடுதான் இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

பஞ்சாலையைப் பற்றி உங்கள் கடிதத்தில் படித்திருந்தேன். ஆனாலும் ஒன்றும் தெரியாதவன்போல் பட்டியலை எடுத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் எழுதியிருந்தீர்களே, உட்கார்ந்தபடியே நடந்தாள் என்று, அதை நானும் பார்த்தேன். உதடு அசைந்தது. ஒவ்வொரு வீடாகத் தாண்டிப் போகிறார் என்று தெரிந்தது. ஒரு இடத்தில் நின்றார். வெகு நேரம் நின்றார். பக்கத்து மேசைச் சீனத்திப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல் டிவிசன். மூணாவது லயம். ஏழாவது வீடு. பஞ்சாலை. செவப்பு. மூணு வயசுல கட்டுனது."

மற்ற முப்பத்தாறு பேரையும் எப்படிச் சொல்லியிருப்பாரோ அதே குரலில்தான் சொன்னார். கண்ணைத் திறக்கவில்லை. "இது ஏழாம் மாசம். அதையும் எழுதிக்க" என்றார்.

எழுதினேன். திரையில் ஏற்றினேன். முப்பத்தேழு. மாமா, இனி அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் என்னால் சாவு வராது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. ஊருக்கு வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், இப்போதே எழுதிவிடுகிறேன், இந்த இடத்தை அக்காளுக்குப் படித்துக் காட்டாதீர்கள். கோலா பிலாவில் கையெழுத்துப் போட்டது யார் என்று ஆயாவுக்கு ஆறு வருஷமாகத் தெரியுமாம். "ஒங்க மாமா நல்ல மனுசன், அவருகிட்ட சொல்லிராத, சங்கடப்படுவாரு" என்றார். சொல்லிவிட்டேன். நீங்களும் தெரியாததுபோலவே இருந்துகொள்ளுங்கள்.

புறப்படும் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்தேன். அவர் எழவில்லை.

"எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேன் ஆயா."

"எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு படி."

திரையைப் பார்த்துப் படித்தேன். பேர், பஞ்சாலை. தாயார் பேர், மங்கம்மா. மேல் டிவிஷன், மூன்றாவது லயம், ஏழாவது வீடு. பென்சிலின் கூடாது. ஏழு மாதக் கர்ப்பம்.

சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். மூடிய கண்ணைத் திறக்காமலே இருந்தார்.

"இன்னொரு வாட்டி படி" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பேரைச் சொன்னதும் கையைத் தூக்கி, அது போதும் என்றார்.

புடுராயாவில் நானே பஸ் ஏற்றிவிட்டேன். பத்திரமாக வந்து சேர்ந்தாரா என்று எழுதுங்கள்.

உங்கள்
அர்ச்சுனன்